துரை எழுத்து

ஒரு கலியாணம் மெய்யாகவே நடந்தது என்பதை நீங்கள் எதைக்கொண்டு நம்புவீர்கள்? கண்ணால் கண்டவர்கள் சொல்வதைக் கொண்டா, கோவிலில் கையொப்பம் வைத்த பதிவைக் கொண்டா, அல்லது வழுவழுப்பான அட்டையில் அடித்திருக்கும் எழுத்தின் வடிவைக் கொண்டா? முதல் இரண்டையும்தான் என்று உடனே சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வீட்டுக்கு வந்த அழைப்பைத் தடவிப் பார்த்து, எழுத்தைப் பார்த்து, இது இன்ன தரத்து வீட்டுக் கலியாணம் என்று எடைபோட்ட பிறகுதானே எந்தச் சேலையோடு போவது, எந்த வரிசையில் இருப்பது என்று நீங்களும் முடிவு செய்தீர்கள்?

குருநகர் யோசப்பினுக்கு இந்தக் கேள்வியின் பதில் தெரியும். தெரிந்து அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

யோசப்பின் அச்சுக்கோப்பவள். தகப்பன் சந்தியோகு கடலுக்குப் போய் வராமல் விட்டபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தாய் சின்னத்தங்கம் கள்ளைப் புளிக்கவைத்து, பீப்பாயில் ஊறவிட்டு, வினாகிரி என்கிற காடி ஆக்கி, ஊறுகாய் போடுகிற வீடுகளுக்கு விற்றாள். அது மூன்று வயிற்றுக்குப் போதவில்லை. தங்கச்சி ஸ்ரெல்லா படிக்கட்டும் என்று யோசப்பின் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் முத்துக்குமாரு நடத்திய சின்ன அச்சகத்துக்கு வேலைக்குப் போனாள். கிழிந்த வலை பொத்திப் பழகிய விரல்கள் ஈய எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. பெட்டியின் அறைகளைப் பார்க்காமலே கை போகும். தமிழ் எழுத்துக்கு ஒரு பெட்டி, இங்கிலீசுக்கு ஒரு பெட்டி, கண்ணீர் அஞ்சலிக்குப் பெரிய மர எழுத்து. இவை எல்லாவற்றுக்கும் மேலே, தூசி படாமல் துணி போட்டு மூடிய தட்டுகளில், துரை எழுத்து.

அந்த எழுத்துக்கு வேறொரு பெயர் இருந்திருக்கும். முத்துக்குமாருவின் தகப்பன் காலத்தில் கப்பலில் வந்தது. அது சுற்றிவந்த கடதாசியை எப்போதோ கறையான் தின்றுவிட்டது. இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் அரசவைக்குப் புத்தகம் அடித்தவர்கள் வெட்டிய எழுத்தின் வாரிசு அது. கடதாசி மழமழப்பாக வரத் தொடங்கிய காலம். எவ்வளவு மெல்லிய கோட்டை ஈயத்தில் நிற்கவைக்கலாம் என்று அவர்கள் போட்டி போட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்தில் ஒரு கால் பனங்குற்றி மாதிரித் தடிப்பு, மற்றக் கால் வலை நூல் மாதிரி மெல்லிசு. இடையில் சமாதானமே இல்லை. இங்கிலீசு ஓ என்ற எழுத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் கொழுத்து, உச்சியிலும் அடியிலும் மூச்சு விட்டால் அறுந்துவிடும் போலிருக்கும். எச் எழுத்தின் இரண்டு தூணையும் இணைக்கிற குறுக்குக்கோடு ஒரு தலைமுடி. ஒவ்வொரு தூணின் அடியிலும் தட்டையாக, நேராக, ஒரு மெல்லிய பாதம். அந்தப் பாதம்தான் எழுத்தை நிலத்தில் நிறுத்துகிறது.

யோசப்பினுக்கு அந்த எழுத்தின்மேல் ஆசை. மற்ற எழுத்தைக் கோக்கும்போது அவள் கதைப்பாள், சிரிப்பாள், காலால் மிதித்து அச்சடிக்கிற மிதி மெஷினில் நிற்கும் தியாகலிங்கம் அண்ணையோடு சண்டை பிடிப்பாள். துரை எழுத்தைக் கோக்கும்போது வாய் திறக்கமாட்டாள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் காற்றுப் போக விடவேண்டும், நெருக்கினால் அவலட்சணம். மெஷினில் ஏற்றினால் அழுத்தம் மெதுவாக இருக்கவேண்டும். நல்ல அட்டை வேண்டும். முரட்டுக் கடதாசியில் ஓங்கி அடித்தால் மெல்லிய கோடு முறிந்துவிடும், பிறகு அந்த எழுத்து உலைக்குத்தான்.

அதனால் அது எல்லோருக்கும் இல்லை. கலியாண அட்டை, பரிசளிப்பு விழா அழைப்பு, டொக்டர்மாரின் பெயர் அட்டை, இவ்வளவுதான் அதன் வேலை. கலியாண அட்டை என்றாலும் எல்லார் கலியாணமும் இல்லை. வழக்குப் பேசுகிற பிரக்கிராசிமார் வீடு, உடையார் பரம்பரை, கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். கடற்தொழில் ஊர்களான குருநகரிலிருந்தோ பாசையூரிலிருந்தோ யாரும் வந்தால் முத்துக்குமாரு சாதாரணத் தமிழ் எழுத்துப் பெட்டியைக் காட்டுவார். "வடிவாய் அடிச்சுத் தாறன்" என்பார், முகம் சுழிக்கமாட்டார். அவர் கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசனாக இருக்கவேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. பழக்கம் அந்த வேலையை அவருக்காகச் செய்துகொண்டிருந்தது. ஈயத்துக்குச் சாதி கிடையாது. அதை எந்தத் தட்டில் வைத்து எதனால் மூடுவது என்று தீர்மானிக்கிற கைக்கு உண்டு. அந்தத் துணியைத் தினமும் நீக்குவதும் மூடுவதும் யோசப்பின்தான் என்பது ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் ஸ்ரெல்லாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை கிறகோரி குருநகர்க் கோவில் வீதிப் பெடியன். குளிர் நாடொன்றில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை, நிரந்தர வதிவிடமும் கிடைத்திருந்தது. இந்தியப் படை போய், சண்டை ஓய்ந்திருந்த அந்தக் கொஞ்ச மாதங்களைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான். நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. ஸ்ரெல்லாவின் விண்ணப்பம் இன்னும் அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் கிடக்கிறது.

"மச்சாள், கலியாணக் காட் இங்கிலீசிலை இருக்கவேணும்" என்றான் கிறகோரி. "இவளைக் கூப்பிட விசாவுக்குக் குடுக்கேக்கை அதைத்தான் முதல் கேப்பினம். எங்கடை ஆக்களிலை கனபேர் பொய்க் கலியாணம் காட்டிப்போட்டினம். அதாலை அவங்கள் ஒவ்வொண்டையும் கிண்டிக் கிண்டிப் பாக்கிறாங்கள்."

"இங்கிலீசிலை என்ன, துரை எழுத்திலையே அடிச்சுத் தாறன்" என்றாள் யோசப்பின்.

அடுத்த நாள் அச்சகத்தில் கேட்டாள்.

"முதலாளி, தங்கச்சியின்ரை காட்டைத் துரை எழுத்திலை கோக்கட்டே?"

முத்துக்குமாரு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆர், ஸ்ரெல்லாவுக்கோ? உங்கடை ஆக்கள் எப்ப தொடக்கம் இங்கிலீசிலை கலியாணம் கட்ட வெளிக்கிட்டவை?"

"மாப்பிள்ளை வெளியிலை. அங்கை காட்டவேணுமாம்."

"அவர் அங்கை மீன் வெட்டிறவர்தானே?"

"ஓம். இஞ்சை பிடிச்சவர், அங்கை வெட்டுறார். நீங்கள் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அதைத்தானே சாப்பிடுறியள்."

மிதி மெஷினில் நின்ற தியாகலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முத்துக்குமாருவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை இருமலாக்கினார்.

"வாய் உனக்கு. பிள்ளை, எழுத்துத் தேயுமெல்லே?"

"போன மாசம் பிரக்கிராசி ஐயாவின்ரை மகளுக்கு அவ்வளவு காட் அடிச்சம். அப்ப தேயேல்லையே, முதலாளி?"

முத்துக்குமாரு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கோத்து வை" என்றார். "ஆனா ஆனிக் கலியாணங்கள் ரெண்டு மூண்டு கிடக்கு. நல்ல எழுத்தா இருக்கேக்கை முதல் அதுகளை அடிப்பம். அதுகள் முடிய உன்ரையை ஏத்துவம். உனக்கென்ன அவசரம், ஆடிக்குள்ளைதானே?"

யோசப்பின் தலையாட்டினாள். அவளுக்கு அது வெற்றியாகத்தான் பட்டது. வேலை இல்லாத நேரங்களில் கோத்தாள். தங்கச்சியின் பெயரைத் தனி வரியில் நடுவில் வைத்தாள். கோத்த பக்கத்தை நூலால் சுற்றிக் கட்டி, தட்டையான கல்லின் ஓரத்தில் வைத்து, அதன்மேலும் ஒரு துணியைப் போட்டாள். தியாகலிங்கம் ஒருநாள் துணியை நீக்கிப் பார்த்துவிட்டு, "எடி பிள்ளை, இப்பவே ஏத்தி அடிச்சு விடட்டே? முதலாளி சந்தைக்குப் போட்டார்" என்றார்.

"வேண்டாம் அண்ணை. களவா அடிச்ச காட் எண்டு ஒரு கதை பிறகு வேண்டாம். எங்கடை முறை வரட்டும்."

முறை வரவில்லை. ஆனி பிறக்க முன்னமே சண்டை பிறந்தது. கோட்டைக்குள் ஆமி, வெளியில் இயக்கம், நடுவில் ஊர். கோட்டையிலிருந்து செல், மேலேயிருந்து குண்டு. பெரிய கடை வீதியில் ஓடு உடைகிற சத்தம் ஓயாமல் கேட்டது. குருநகர்ச் சனம் குழந்தை குட்டியோடு உள்ளூர்களுக்கு ஓடியது. முத்துக்குமாரு சண்டிலிப்பாயில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மத்தியானம் அவரும் தியாகலிங்கமும் மிதி மெஷினை மட்டும் எப்படியோ உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுத்துகளை எடுக்க நேரம் இல்லை.

இன்னும் ஊரை விட்டு வெளிக்கிடாமல் இருந்த யோசப்பின் அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். தாய் வாசலில் நின்று கத்தினாள், "கண்டறியாத எழுத்து! செத்தால் உன்ரை பேரை ஆரடி கோக்கிறது?" கூரையில் ஒரு பக்கம் போயிருந்தது. தமிழ் எழுத்துப் பெட்டி கவிழ்ந்து நிலமெல்லாம் ஈயம். துரை எழுத்துத் தட்டுகளும் கட்டிவைத்த பக்கமும் அப்படியே இருந்தன. சாக்கில் போட்டு சைக்கிளின் பின்னால் கட்டி, ஏறி ஓட்டமுடியாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். ஈயம் பிணம் மாதிரிப் பாரம்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எதையாவது புதைத்துக்கொண்டிருந்தார்கள். நகை, உறுதிப் பத்திரம், தையல் மெஷினின் தலை, கோவில் வெள்ளிச் சாமான். ஓடுகிறவன் கையில் கொண்டுபோனால் வழியில் பறிபோகும், வீட்டில் விட்டால் குண்டில் போகும், மண் ஒன்றுதான் வாங்கியதைத் திருப்பித் தரும் என்று ஒரு நம்பிக்கை. யோசப்பினும் முற்றத்தில் கிடங்கு வெட்டினாள்.

"எதுக்குள்ளை வைக்கப்போறாய்?" என்று தாய் கேட்டாள்.

"ரங்குப் பெட்டிக்குள்ளை."

"ரங்குப் பெட்டி ஒரு மழைக்குத் துருப்பிடிச்சுத் தண்ணி போகும். இந்தா, என்ரை பீப்பாய். உதிலை வை. வெளியிலை இருந்து ஒரு சொட்டு உள்ளை போகாது, உள்ளுக்கு இருக்கிறது ஒரு சொட்டு வெளியிலை வராது."

சின்னத்தங்கம் தன் பிழைப்பையே அன்றைக்கு நிலத்தில் கவிழ்த்தாள். வினாகிரி மண்ணில் ஓடியது. பீப்பாயைத் துணியால் துடைத்து, எழுத்துகளைப் பழைய சேலைத் துண்டுகளில் சுற்றி, கோத்த பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மூடியை இறுக்கி மெழுகு பூசினார்கள். மரத்தின் சதைக்குள் வருடக்கணக்காக ஊறிய புளிப்பைத் துணியால் துடைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. வினாகிரி ஆவியும் ஈயமும் ஈரமும் பூட்டிய இடத்தில் ஒன்றாகக் கிடந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் இரசாயனப் பாடம் படிக்கப் போனவர்கள் படித்திருப்பார்கள். அவள் தங்கச்சியைப் படிக்க விட்டுவிட்டு வேலைக்குப் போனவள்.

கலியாணம் பண்டத்தரிப்பில் நடந்தது. அங்கேதான் ஒரு தோட்டக்காரர் வளவில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடுகு சாத்தி அவர்கள் இருந்தார்கள். வளவுக்காரி குணலட்சுமி சைவக்காரி. கோவில் என்றால் அவளுக்குப் பிள்ளையார் கோவில்தான். "எங்கடை வளவிலை இருந்து பொம்பிளை வெளிக்கிட, வாசலிலை வாழை இல்லாமலோ?" என்று குலையோடு இரண்டு வாழையை வெட்டுவித்து மாதா கோவில் வாசலில் கட்டுவித்தாள். தன் கூறைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்ரெல்லாவுக்குக் கொடுத்தாள். அழைப்பு வாயால்தான். யோசப்பினும் கிறகோரியின் தாயும் ஒவ்வொரு கொட்டிலாக, ஒவ்வொரு பள்ளிக்கூட அகதி முகாமாகப் போய்ச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் வந்தார்கள்; சொல்லாதவர்களும் வந்தார்கள். பூசை நடுவில் விமானம் சுற்றியது. சாமியார் நிறுத்தினார். எல்லோரும் உட்காரும் மர வாங்குகளுக்குக் கீழே படுத்தார்கள், மாப்பிள்ளை பொம்பிளையும். விமானம் போனதும் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தாலியைக் கட்டினான் கிறகோரி. கமெரா வைத்திருந்த ஒருவர் வந்திருந்தார். அவரிடம் பிலிம் இல்லை. பட்டரி தொடக்கம் பிலிம் வரை எல்லாம் அரசாங்கம் தடை செய்திருந்த காலம்.

இதைவிட மெய்யான கலியாணத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கிறகோரி லீவு முடிந்து, பாதை திறந்த ஒரு இடைவெளியில் வவுனியாவால் கொழும்புக்குப் போனான். போகும்போது, "காட்டை மறந்திடாதையுங்கோ, மச்சாள்" என்றான். "எழுத்துப் பத்திரமா மண்ணுக்குள்ளை கிடக்கு, தம்பி. நிலைமை சரிவர அடிச்சு அனுப்புறன்" என்றாள் யோசப்பின்.

கோட்டை விழுந்த பிறகு குருநகருக்குத் திரும்பி வந்தார்கள். வீட்டில் சுவர் மிச்சம் இருந்தது. பீப்பாயை அப்போதே கிண்டியிருக்கலாம். ஆனால் விமானம் வருவது நிற்கவில்லை. மேலே கிடப்பதைவிடக் கீழே கிடப்பது பத்திரம் என்று விட்டாள். முத்துக்குமாரு சண்டிலிப்பாயில் தன் புகையிலைக் குடிலுக்குள் மிதி மெஷினை நிறுத்தி, பொறுக்கி எடுத்த தமிழ் எழுத்தைக்கொண்டு பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் மரண அறிவித்தல் அடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு தொழிலுக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை. யோசப்பின் அங்கே சைக்கிளில் போய்வந்தாள்.

அடுத்த வருடம் ஸ்ரெல்லாவைத் தூதரகம் கூப்பிட்டது. கொம்படி நீரேரி வெளியால், இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து, கொழும்புக்குப் போய், அதே வழியால் திரும்பி வந்தாள். வந்து பாயில் படுத்தவள் எழும்பவில்லை. யோசப்பின் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைப் பிடுங்கினாள்.

"பதிவுத் துண்டு காட்டினனியே?"

"காட்டினன். அது ஆரும் எடுக்கலாமாம். படம் எங்கை எண்டு கேட்டான். இல்லை எண்டன். காட் எங்கை எண்டான். இல்லை எண்டன். உங்கடை ஊரிலை கலியாணத்துக்குக் காட் அடிக்கிறதில்லையோ எண்டு கேட்டான். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒண்டை எடுத்து வைச்சான், அக்கா. இப்பிடித்தான் யாழ்ப்பாணத்துக் காட் இருக்கும், இப்பிடி ஒண்டு கொண்டுவா எண்டு."

"என்ன காட்?"

"உன்ரை காட். துரை எழுத்து. அந்தப் பிரக்கிராசியின்ரை மகளின்ரை. நீ கோக்கேக்கை எனக்கு இழுத்துப் பாத்த புறூவ் கொண்டுவந்து காட்டினனி, ஞாபகமே?"

யோசப்பின் பாயில் இன்னும் கிட்ட நகர்ந்தாள்.

"இது என்ரை அக்கா கோத்தது எண்டு சொன்னன். மொழிபெயர்க்கிற தமிழ் ஐயா குனிஞ்சு, 'தங்கச்சி, அதைச் சொல்லாதையுங்கோ. நாளைக்கு நீங்கள் கொண்டுவாறதையும் நம்பமாட்டினம்' எண்டார். நான் சொன்னதை அவர் இங்கிலீசிலை சொல்லவேயில்லை."

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த மேசைக்கு ஒரு பெண் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்திருக்கிறாள். அவளுடைய வாய்ச் சொல் சாட்சி இல்லை. அவளுடைய அக்காவின் விரல்கள் கோத்த, மற்றவர் வீட்டு அட்டை சாட்சி. முத்துக்குமாரு ஒரு எழுத்தை நல்ல குடும்பங்களுக்கென்று துணி போட்டு மூடிவைத்தார். கடல் தாண்டி வந்து கொழும்பில் இருந்த வெள்ளைக்காரன் அதே துணியைத் தன் மேசையில் விரித்து வைத்திருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை.

"காட்தானே?" என்றாள் யோசப்பின். "நடந்த கலியாணம். நாள் தெரியும், கோவில் தெரியும். அடிக்கவேண்டியதை இப்ப அடிக்கிறம். இதிலை பொய் என்ன கிடக்கு?" கோத்த பக்கத்தில் இடமும் திகதியும் மட்டும்தான் மாறும். எழும்பிப் போய் மண்வெட்டியை எடுத்தாள்.

முத்துக்குமாருவும் தியாகலிங்கமும் வந்திருந்தார்கள். எழுத்துத் தப்பிவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும்; களவென்று ஒரு கதை வேண்டாம் என்று யோசப்பின் அதுவரை சொல்லவில்லை. வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தார். பீப்பாய் முழுசாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, தாய் சொன்னது சரி. மூடியைத் திறந்தபோது வினாகிரி மணம் முகத்தில் அடித்தது. மேலே சுற்றியிருந்த சேலைத் துண்டு வெள்ளையாக, மாப் பூசினது மாதிரி இருந்தது. யோசப்பின் அதை விரித்தாள். உள்ளே கட்டிவைத்த பக்கம், நூல் கூட அவிழாமல், வெள்ளை பூத்துக் கிடந்தது. விரலால் தடவினாள். பொடி விரலோடு வந்தது. பொடியோடு மெல்லிய கோடுகளும் வந்தன.

முத்துக்குமாரு கிடங்கின் கரையில் குந்திவிட்டார். "மங்களத்துக்கு வைச்சிருந்த எழுத்தைக் கொண்டுபோய் மண்ணிலை தாட்டால் இப்பிடித்தான். அது குற்றம், பிள்ளை."

"குற்றமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை" என்றார் தியாகலிங்கம், முதலாளிக்கு முன்னால் முதல் தடவையாகக் குரல் உயர்த்தி. "அண்டைக்கு ஏத்தி அடிச்சிருந்தால் இண்டைக்கு அவளின்ரை கையிலை காட் இருந்திருக்கும். நீங்கள் ஆனி முடியட்டும் எண்டனியள்."

முத்துக்குமாரு யாரையும் பார்க்காமல், "ஓம், எண்டனான்" என்றார். சின்னத்தங்கம் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழை தன் பீப்பாயில் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மணம் சொல்லிவிட்டது.

புகையிலைக் குடிலில் அந்தப் பக்கத்தைக் கழுவி, மை தடவி, ஒரு அட்டையில் இழுத்துப் பார்த்தார்கள். தடித்த கோடுகள் கறுப்பாக, அழகாக விழுந்தன. மெல்லிய கோடு ஒன்றுகூட இல்லை. ஸ்ரெல்லா என்ற பெயர் இருந்த இடத்தில் முதலில் ஒரு வளைந்த துண்டு, பிறகு நாலு முளை, பிறகு ஒரு சாய்ந்த கட்டை. கம்பி அறுந்துபோன வேலி மாதிரி. தலை இல்லை, குறுக்கு இல்லை, காலடியில் அந்தப் பாதம் இல்லை. பெயர் ஒன்றிலும் நிற்காமல் அட்டையில் மிதந்தது.

யோசப்பின் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மெல்லிசுக் கோடுதானே இல்லை" என்றாள். "அதை நான் போடுறன்."

"என்னண்டு?" என்றார் முத்துக்குமாரு.

"பேனையாலை."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவர்கள் எல்லோருக்குமே அது வேலையாகத்தான் தெரிந்தது. அச்சில் விழாத கோட்டைக் கையால் எடுப்பது ஒவ்வொரு அச்சகத்திலும் நடக்கிறதுதான். தியாகலிங்கம் திகதியையும் இடத்தையும் மட்டும் வேறு சின்ன எழுத்தில் கோத்து, மெஷினில் நிதானமாக மிதித்து, தேறின அட்டைகளை அடித்தார். முத்துக்குமாரு தன் மேசை லாச்சியிலிருந்து முள்ளுப் பேனையும் சைனா மையும் எடுத்துக் கொடுத்தார். யோசப்பின் குடிலின் வாசலில், வெளிச்சம் விழுகிற இடத்தில் குந்தி இருந்து, தலைமுடி அளவு கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். வலைக் கண் பொத்துகிற மாதிரி. அந்த எழுத்தை அவளைவிட நன்றாக அறிந்த கை ஊரில் வேறில்லை. முடித்துக் கையை நீட்டியபோது அட்டை முழுசாக இருந்தது. முத்துக்குமாரு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அச்சு மாதிரியே இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அதுதான் தீர்ப்பும்.

தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால், கப்பலில் கொழும்புக்குப் போகும் தபாலில் அதை அனுப்பினார்கள். பதில் வர மாதங்கள் ஆகின. தூதரகத்தின் கடிதத்தில் கோபம் இல்லை, வசை இல்லை. அழைப்பிதழ் என்று சமர்ப்பிக்கப்பட்ட ஆவணம் கையால் திருத்தப்பட்டிருப்பது உருப்பெருக்கியில் கண்டறியப்பட்டது என்றும், திருமணத்தின் உண்மைத் தன்மை சந்தேகத்துக்கு உரியது என்றும், விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது.

"நான்தான்" என்றாள் யோசப்பின். "உன்ரை கலியாணத்தை நான்தான் பொய்யாக்கிப் போட்டன்."

"விசர்க் கதை கதையாதையக்கா" என்றாள் ஸ்ரெல்லா. அன்றைக்குப் பிறகு அக்கா தங்கச்சி இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், கவனமாக ஒருவரைச் சுற்றி ஒருவர் நடந்தார்கள். கிறகோரி அங்கிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான். முதலில் அடிக்கடி, இப்போது இடைக்கிடை. அவன் நல்லவன்தான். ஆனால் கடிதத்தில் இருக்கிற மனைவியோடு ஒரு மனிதன் எவ்வளவு காலம் இருப்பான்?

யோசப்பின் இப்போதும் சண்டிலிப்பாய்க்குப் போய்வருகிறாள். மரண அறிவித்தல் கோக்கிறாள். துரை எழுத்துப் பீப்பாயோடு முற்றத்திலேயே கிடக்கிறது. உருக்கவும் மனமில்லை, மூடவும் மனமில்லை. முத்துக்குமாரு அதைப் பற்றி அவளிடம் கேட்பதில்லை. சின்னத்தங்கம் அதன் பிறகு வினாகிரி போடவில்லை.

தூதரகத்தின் அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை அவர்கள் வெகுகாலம் கவனிக்கவே இல்லை. முதல் வரிகளுக்குப் பிறகு யாருக்கும் மேலே வாசிக்கத் தெம்பில்லை. திருமணத்தில் நேரில் கலந்துகொண்ட, குடும்பத்தைச் சேராத நபர்களின் கையொப்பமிட்ட கூற்றுகள் கிடைத்தால் விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்படலாம். இந்தத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு முடிவதற்குள் என்று பிறகு வந்த நினைவூட்டல் சொல்கிறது. யோசப்பின் முதலில் பண்டத்தரிப்புக்கு ஓடினாள். குணலட்சுமி அங்கே இல்லை. அந்தப் பக்கம் செல் விழத் தொடங்கிய பிறகு அந்த வளவே காலி. பூசை வைத்த சாமியார் வன்னிக்கு மாறிப் போய்விட்டார். அன்றைக்குக் கோவிலை நிறைத்து நின்ற சனம் நீர்வேலியில், சாவகச்சேரியில், மடுவில், இந்தியாவில் என்று சிதறிக் கிடக்கிறது. யாரென்று தேடுவாள்? அழைப்பு அடித்திருந்தால், யாருக்கு அனுப்பினோம் என்றாவது தெரிந்திருக்கும். வாயால் அழைத்த கலியாணம் வாயோடு போய்விட்டது.

ஆகவே இதை உங்களிடம் கேட்கவேண்டியிருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு ஆடியில், பண்டத்தரிப்பு மாதா கோவிலில், விமானம் சுற்றியபோது வாங்குக்குக் கீழே படுத்துக் கிடந்து, பிறகு எழும்பி ஒரு கலியாணத்தைப் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவரா? வாசலில் வாழை கட்டப் பிடித்தவரா? பிலிம் இல்லாத கமெராவோடு நின்றவரா? அப்படியென்றால் ஒரு தாளை எடுங்கள். கொப்பித் தாள் போதும். எழுத்து அழகாக இருக்கவேண்டியதில்லை. வந்தேன், கண்டேன் என்று எழுதி, உங்கள் பெயரையும் இப்போது இருக்கும் ஊரையும் போட்டு, கையொப்பம் வையுங்கள். குருநகர், அச்சகத்து யோசப்பின் என்று விலாசம் எழுதினால் தபால்காரருக்குத் தெரியும். நீங்கள் போகவில்லை, ஆனால் போன ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்றால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள்.